காடைக்குத் துணிக்கூரை

இருட்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். துருப்பிடித்த கதவுக்கீலை யாரோ மூன்று தடவை அசைத்துப் பார்த்தது போல ஒரு சத்தம் கேட்டது.

ஜெனோவாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. கேழ்வரகுக் கூழ் பிள்ளையின் தாடையில் வழிந்தது. துடைக்கக் கை போகவில்லை.

மறுபடியும் அதே சத்தம். மூன்று இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை.

அவள் வாசலைப் பார்த்தாள். பச்சைக் கதவு சாத்தியிருந்தது. சாத்தி மட்டும்தான் இருந்தது. திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தாள். கதவின் மேல்பக்கம் ஒரு புதுத் தாழ்ப்பாள். தச்சர் மாட்டிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒட்டியிருந்த விலைச் சீட்டு இன்னும் கிழியவில்லை.

போட்டுவிடலாம் என்று எழுந்தாள். கை தாழ்ப்பாள் வரை போயிற்று. அங்கேயே நின்றது.

வெளியே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும்.

செலின் பிறந்து ஐம்பதாம் நாள் சாயங்காலம், குளித்துவிட்டு வந்தவள் கூடத்தில் தலைசுற்றி விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. புருஷன் கிளீட்டஸ் கப்பலில், எந்தக் கடலிலோ. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். “ஆளுங்க கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தாங்க” என்று மாமியார் சொன்னார். எந்த ஆளுங்க, எவ்வளவு நேரம் கழித்து, அதுவரை பிள்ளை என்ன செய்தது, இது எதையும் ஜெனோவா கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “பிள்ளைக்குப் பசிக்குது” என்று நகர்ந்துவிடுவாள். அவள் நினைப்பில் செலின் அந்தப் பூட்டிய வீட்டுக்குள் விடியவிடிய அழுதுகொண்டே இருந்தாள்.

ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். போன மாதம் சோதித்துவிட்டு, “இப்போ நல்லா இருக்கு” என்றார். ரத்தம் சரியாகிவிட்டது. தாழ்ப்பாளைத் தொடத்தான் முடியவில்லை.

போன வாரம் மாமியார் மணப்பாட்டிலிருந்து வந்தார். நாற்காலியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“தாழ்ப்பாள் போடப் பயந்து நாற்காலிய வச்சுட்டுப் படுக்கிறவ, பிள்ளைய எப்படிட்டீ வளப்ப? வர்ற ஞாயித்துக்கிழமை வேன் கொண்டு வாரேன். செலினை ஒரு வருஷம் நான் வச்சுக்கிடுதேன். நீ ஒன்னயத் தேத்திக்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இன்று திங்கட்கிழமை.

மூன்றாம் தடவை சத்தம் வந்தபோது, அது வாசல் பக்கம் இல்லை, குளியலறை ஜன்னல் வழியாகக் கீழ் வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு.

“அடப்பாவி! ராணி, நீயாடா?”

பயந்த பயமெல்லாம் ஜெனோவாவுக்குக் கோபமாக மாறியது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

*

கதவைத் திறந்தவள் மைமூன். இருபத்துமூன்று வயது. ஜெனோவாவை விட ஐந்து வயது இளையவள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டிலேயே துணி தைப்பாள். அவள் புருஷன் காதர் உப்பு லாரி ஓட்டுகிறான். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டான். ஜெனோவாவுக்கும் அவளுக்கும் படிக்கட்டில் பார்த்தால் சிரிக்கிற பழக்கம்தான்.

“என்ன சத்தம் அது?”

“மேல வரைக்கும் கேட்டுச்சாக்கா?” மைமூன் முகம் மலர்ந்தது. “வாங்க, காட்டுறேன்.”

கூடத்தில் பாதி இடம் மரப்பெட்டிகள். உள்ளே உமி பரப்பியிருந்தது. அதில் காய்ந்த புல் நிறத்தில், உள்ளங்கை அளவில் காடைகள் குறுகுறுவென்று நடந்துகொண்டிருந்தன. ஒரு பெட்டியின் மூடி மேல் பாரத்துக்கு அம்மிக் குழவி படுத்திருந்தது. அதன் ஒரு முனையில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“காடையா? பிளாட்டுக்குள்ளயா?”

“ஆமா. மொத்தம் பதினொண்ணு.”

“எதுக்கு? சாப்பிடவா?”

“மெதுவாச் சொல்லுங்கக்கா, கேட்டுறப்போவுது.”

ஒரு காடை கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, துருப்பிடித்த கீலை மூன்று தடவை அசைத்தது. செலின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

“பொட்டைக்காடை இப்படிக் கத்தாது. இவனைக் குஞ்சுல பாத்துப் பொட்டைன்னு நினைச்சு ராணின்னு பேர் வச்சுட்டேன். இன்னைக்குத்தான் தொண்டை திறந்திருக்கு.”

“யாரைக் கூப்பிடுது?”

“யாருக்குத் தெரியும்? நீங்க வந்துட்டீங்க.”

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு கண்ணும் கலங்கியது. அதை மறைக்கப் பிள்ளையின் தாடையைத் துடைத்தாள்.

“நீயும் நாலு நாள் தனியாத்தான இருக்க? பயமா இல்லையா?”

“இருக்கு.”

“அப்போ எப்படித் தூங்குற?”

“கதவைச் சாத்திட்டு.”

அதற்கு மேல் ஜெனோவாவால் நாசூக்குப் பார்க்க முடியவில்லை. “மைமூன், எனக்கு இந்தப் பயம் போகணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணும். இல்லன்னா பிள்ளையக் கொண்டு போயிடுவாங்க. என்ன செய்யணும், சொல்லு.”

மைமூன் தைத்துக்கொண்டிருந்த துணியில் ஊசியைக் குத்தி வைத்தாள்.

“ஒரு பெட்டிக்குக் கூரை போடணும்க்கா.”

“என்னது?”

“ரெண்டு பொட்டைக்காடை தாறேன். பெட்டியும் தாறேன். அதுக்கு மேல மூடி கிடையாது. நீங்க கூரை போட்டு உங்க வீட்ல வச்சுக்கோங்க.”

“நான் கேட்டது வேற.”

“நான் சொன்னது இதுதான்.”

*

காலையில் வாட்ச்மேன் சுடலை அண்ணாச்சி கம்பிவலை வாங்கி வந்து கொடுத்தார்.

“டீச்சரம்மா, இது எதுக்கு? கோட்டை கட்டப் போறீங்களா?”

“காடைக்கு. மைமூன் சொல்லிருக்கா.”

“அவ எட்டாங் கிளாஸு. நீங்க கான்வென்ட்டுல பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவுக. டீச்சருக்கே டியூஷனா?” பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். “நடத்துங்க, நடத்துங்க.”

ஜெனோவா எதையும் அரைகுறையாகச் செய்து பழகியவள் இல்லை. தையல் வகுப்பில் ஒரு தையல் கோணினால் முழுவதையும் பிரிக்கச் சொல்லும் சிஸ்டர்களிடம் படித்தவள். தாளில் அளவு போட்டுப் படம் வரைந்தாள். காடைகள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கூரையை இரண்டடி உயரத்துக்குத் தூக்கினாள். பூனை நுழையாதபடி வலையை இரண்டாக மடித்தாள். ஓரங்களைக் கம்பியால் முறுக்கினாள். விரலில் ரத்தம் வந்தது. அசைத்துப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்த காடைக்குப் ‘பொட்டு’ என்று பேர் வைத்தாள். இன்னொன்றுக்குப் பேர் யோசித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் குக்கர் விசிலடித்தது.

பொட்டு ஓடவில்லை. பக்கவாட்டில் பறக்கவில்லை. விட்டெறிந்த கல்லைப் போல நேராக மேலே பாய்ந்தது.

டங்.

உமியில் விழுந்து கால் உதைத்தது. வெள்ளைப் புள்ளி சிவந்துவிட்டது.

ஒரு இடுப்பில் செலின். ஒரு உள்ளங்கையில் காடை. ஜெனோவா எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

“கொன்னுட்டேன் மைமூன். நான் கொன்னுட்டேன்.”

மைமூன் காடையை வாங்கிப் பார்த்தாள். “தோல்தான் கிழிஞ்சிருக்கு.” தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து விரல் நுனியால் தடவினாள்.

“இவ்வளவு உயரம் எதுக்குக்கா?”

“தலை நிமிந்து இருக்கட்டும்னு.”

“கம்பி எதுக்கு?”

“மொட்டைமாடியில ஒரு கறுப்புப் பூனை சுத்துதே. அது வந்தா?”

“வந்துச்சா?”

“இல்ல.”

“இது எதுல அடிபட்டுச்சு?”

ஜெனோவா கம்பி குத்திய தன் விரலைப் பார்த்தாள்.

“காடை பயந்தா மேலதான் பாயும். காட்டுல மேல வானம் இருக்கும். அடிபடாது.”

“அப்போ இது பயப்படாமப் பாத்துக்கணுமா? குக்கர் வைக்கக் கூடாதா?”

“குக்கர் வைக்காம சோத்துக்கு என்ன செய்வீங்க?”

“அப்போ என்னதான் செய்ய? அதைச் சொல்லேன்!”

மைமூன் செலினைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். “பிள்ளை உக்காரப் பழகுதாக்கா?”

“பழகுறா. ரெண்டு நிமிஷம் உக்காருவா, பொத்துன்னு சாய்வா.”

“சாயாம இருக்க என்ன செய்வீங்க?”

“பழகுற பிள்ளை சாயாம எப்படி இருக்கும்? சுத்தியும் தலகாணி போட்டு...”

ஜெனோவா பாதியில் நிறுத்தினாள்.

மைமூன் காடையை அவள் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

அன்று மத்தியானம் ஜெனோவா முறுக்கின கம்பியை எல்லாம் பிரித்தாள். கிளீட்டஸின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துப் பெட்டியின் விளிம்பில், தாழ்வாக, தொய்வாகக் கட்டினாள். குக்கரை ஏற்றினாள். விசில் வருகிற வரை விரலைக் கடித்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

விசில் வந்தது. இரண்டு காடைகளும் பாய்ந்தன. வேட்டி மேலே புடைத்தது. துப், துப். இரண்டும் உமியில் விழுந்து, எழுந்து, உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலத் தீவனம் கொத்தின.

செலின் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அடுத்த விசிலுக்கு அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து காத்திருந்தார்கள்.

*

புதன்கிழமை மைமூன் ஒரு தட்டு நிறைய மணல் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. தைக்கிற அவசரம்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெனோவா எட்டிப் பார்த்தாள். பொட்டு மணலில் ஒருக்களித்து விழுந்து கிடந்தது. ஒரு கால் விறைத்து நீண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

அப்படித்தான் அவளும் கிடந்தாள், அதே கூடத்தில், அதே தரையில்.

குளியலறைக்கு ஓடி ஜன்னலில் கத்தினாள். “மைமூன்! ஓடி வா! செத்துருச்சு!”

அவள் திரும்பிக் கூடத்துக்கு வந்தபோதே, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மைமூன் உள்ளே நின்றாள். மூச்சு வாங்கியது. கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

பெட்டியைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“குளிக்குதுக்கா!”

“விழுந்து கிடக்கே!”

“மண்ணுல உருண்டு குளிக்கும். சுகம் கண்டு போயி கிடக்கு.”

பொட்டு ஒரு கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்தது. மறுபக்கம் புரண்டு சிறகால் மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டது.

“நான் நினைச்சேன்...”

“படுத்துக் கிடக்கிறதெல்லாம் விழுந்தது இல்லக்கா.”

போகும்போது மைமூன் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, விலைச் சீட்டு கிழியாத தாழ்ப்பாளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் படியிறங்கினாள்.

ஜெனோவாதான் படிக்கட்டு வரை பின்னால் போனாள். “நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.”

“தண்ணி மாத்திட்டீங்களா?”

“மாத்திட்டேன்.”

“உமி?”

“நாளைக்கு மாத்தணும்.”

“அப்போ நாளைக்கு மாத்துங்க.”

வியாழக்கிழமை உமியை மாற்றப் போனபோது, மூலையில் ஒரு முட்டை கிடந்தது. நெல்லிக்காய் அளவு, மை தெளித்த மாதிரி. ஜெனோவா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது.

சுடலை அண்ணாச்சி கீழேயிருந்து கேட்டார். “டீச்சரம்மா, பாஸா பெயிலா?”

“முட்டை வாங்கிருக்கேன் அண்ணாச்சி!”

தான் சத்தமாகப் பதில் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

*

வெள்ளிக்கிழமை பொழுது அடைகிற நேரம். அவள் அடுக்களையில் இருந்தாள். செலின் கூடத்தில் பாயில், தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியின் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

காற்று என்று நினைத்தாள். அடுத்த நொடி காடைகள் அலறின.

கறுப்புப் பூனை பெட்டியின் மேல் நின்றது. வேட்டிக்கூரை அதன் பாரத்தில் குழிந்து கிடந்தது. நகம் துணியைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. பிள்ளை அதை எட்டித் தொடக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெனோவா கையில் இருந்த கரண்டியை வீசினாள். விளக்குமாற்றை எடுத்தாள். தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. பூனை நாற்காலியைத் தாண்டி, திறந்து கிடந்த கதவு வழியாகப் பாய்ந்து மறைந்தது. அதன் வாயில் இரண்டு வால் இறகு மட்டும் இருந்தது.

பொட்டுவுக்கு வால் இல்லை. உயிர் இருந்தது. இன்னொன்று உமிக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

ஜெனோவா பெட்டியை ஒரு கையால் அணைத்து, பிள்ளையை ஒரு கையில் தூக்கி, படியிறங்கிப் போய் மைமூனின் கதவைக் காலால் தட்டினாள்.

“இந்தா. நீயே வச்சுக்க.”

“என்னாச்சு?”

“கம்பி போட்டா மண்டை உடையுது. துணி போட்டா பூனை வருது. என்னால முடியல மைமூன். ரெண்டு குருவியக் காப்பாத்தத் தெரியல. மாமி சொல்றது சரிதான். பிள்ளைய எப்படி வளப்பேன்?”

மைமூன் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். வாலில்லாத காடையைப் பார்த்தாள்.

“பூனை கூரை வழியாவா வீட்டுக்குள்ள வந்துச்சு?”

“கதவு வழியா.”

“கதவு திறந்து கிடந்துச்சா?”

“சாத்தி நாற்காலி வச்சிருந்தேன்.”

“நாற்காலி.”

“ஆமா.”

“பூனையத் தடுக்க வேண்டியது கூரை இல்லக்கா.”

ஜெனோவா தரையில் உட்கார்ந்தாள். செலின் அவள் மடியிலிருந்து நழுவிப் பெட்டியின் பக்கம் தவழப் பார்த்தாள்.

“விரட்டும்போது மயக்கம் வந்துச்சா?” என்று மைமூன் கேட்டாள்.

“என்ன?”

“தலை சுத்துச்சா?”

ஜெனோவா யோசித்தாள். “இல்ல. அதுக்கு எங்க நேரம்?” என்றாள். சொன்ன பிறகு மறுபடி யோசித்தாள்.

ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். கிளீட்டஸிடமும் சொல்லாததை.

“நான் தாழ்ப்பாள் போட்டுட்டு விழுந்துட்டா என்ன செய்ய மைமூன்? உள்ள பூட்டிக் கிடந்தா யாரு வருவா? பிள்ளை அழுதுக்கிட்டே கிடக்குமே. விடியவிடிய அழுமே.”

மைமூன் எழுந்து போனாள். பெட்டியின் மூடி மேல் படுத்திருந்த அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஜெனோவாவின் முன்னால் வைத்தாள்.

“இது என்னக்கா?”

“குழவி.”

“முனையில?”

“பெயின்ட். பச்சைப் பெயின்ட்.”

“உங்க கதவு என்ன நிறம்?”

ஜெனோவா குழவியைத் தொட்டாள். பெயின்ட் ஒட்டிய இடத்தில் கல் கொஞ்சம் சில்லுப் பெயர்ந்திருந்தது.

“அன்னைக்கு உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன்.”

“அப்போ நான் எப்படி உள்ள வந்தேன்?”

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள். “நீயா?”

“நாலு இடி. மூணுலயே விட்டிருக்கும். ஒரு தடவை கை வழுக்கிடுச்சு.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“பிள்ளை அழுதுச்சு. மேலயும் கீழயுமா இருக்கோம். பசிக்கு அழுறது எனக்குத் தெரியும். தூக்கத்துக்கு அழுறதும் தெரியும். அது வேற அழுகை.”

ஐந்து மாதமாகக் கேட்காத கேள்வியை ஜெனோவா கேட்டாள். “எவ்வளவு நேரம் அழுதா?”

“பள்ளிவாசல்ல மஃரிப் பாங்கு சொல்ல ஆரம்பிச்சப்ப அழுகை கேட்டுச்சு. நான் உங்களைத் தூக்கி மடியில வச்சப்ப பாங்கு முடியல. பாங்கே மொத்தம் நாலு நிமிஷந்தான்.”

ஜெனோவா செலினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“படிக்கட்டுல ரெண்டு தடவை சொல்ல வந்தேன். பிள்ளைக்குப் பசிக்குதுன்னு போயிட்டீங்க.”

ஜெனோவா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. செலின் அவள் முகத்தைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு குழவியைத் தட்டிப் பார்த்தாள்.

பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். பயத்தின் கையில் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

“மைமூன். நீ ஊர்ல இல்லாத அன்னைக்கு நான் விழுந்தா?”

மைமூன் சிரிக்கவில்லை. அதையும் சரியான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தாள். தரையில் கிடந்த குழவியைக் காலால் லேசாக உருட்டினாள்.

“அப்போ இதைச் சுடலை அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டுப் போறேன்.”

ஜெனோவாவுக்குக் கேட்க வேறொன்றும் இருக்கவில்லை.

*

அவள் மேலே வந்து பெட்டியை இறக்கிவைத்தபோது போன் அடித்தது. மாமியார்.

“ஜெனோ, வேன் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன். பிள்ளைத் துணிமணியக் கட்டி வச்சிட்டியா?”

“இல்ல மாமி.”

“ஏன்?”

“நீங்க வாங்க. நாலு நாள் எங்களோட இருந்துட்டுப் போங்க. செலின் இங்கதான் இருப்பா.”

“ஏட்டீ, நாற்காலிய முட்டுக் குடுத்துட்டுப் படுக்கிறவ...”

“வந்து கதவைத் தட்டுங்க மாமி. தாழ்ப்பாள் போட்டிருக்கும்.”

மணப்பாட்டுக் கடல் இரைகிற சத்தம் மட்டும் போனில் வந்தது.

“சரி,” என்றார் மாமியார். “சத்தமாவே தட்டுதேன்.”

ஜெனோவா வேட்டியின் கிழிசலை இரண்டு தையல் போட்டுச் சேர்த்தாள். மறுபடி தொய்வாகக் கட்டினாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையின் பக்கத்தில், மற்ற மூன்று நாற்காலிகளோடு போட்டாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் இருந்த விலைச் சீட்டை நகத்தால் கிழித்தாள். தள்ளிப் பார்த்தாள். புதுசு, இறுக்கமாக இருந்தது. காடைக்குத் தடவ மைமூன் கொடுத்துவிட்டிருந்த தேங்காய் எண்ணெய் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து விட்டாள்.

கீழே ராணி கழுத்தை நீட்டியிருக்க வேண்டும். குளியலறை ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. மூன்று இழுப்பு. துணிக்கூரைக்கு அடியில் வாலில்லாத பொட்டு, வெளியே கேட்காத மெல்லிய குரலில் ஏதோ பதில் சொன்னது.

ஜெனோவா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அடுத்த கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

அது உள்ளே போய் உட்கார்ந்தது.